சட்டி ஒருவன், அரிசி ஒருவன்

ஒரு மலை இருந்ததாம். மலையைச் சுற்றி ஒரு பாதை இருந்ததாம். அந்தப் பாதைக்குத் தலையும் இல்லையாம், வாலும் இல்லையாம். எங்கே கால் வைத்து ஆரம்பித்தாலும் நாலாம் நாள் அங்கேயே கொண்டுவந்து விட்டுவிடுமாம். அந்தப் பாதையில் நடக்க ரெண்டு பேர் கிளம்பினார்களாம்...

சிரிக்காதீங்கண்ணா. எங்கள் வீட்டில் எந்த விஷயத்தையும் இப்படித்தான் எடுப்பார்கள். பால்காரர் வரவில்லை என்றால்கூட ‘ஒரு பால்காரன் இருந்தானாம், அவனுக்கு ஒரு சைக்கிள் இருந்ததாம்’ என்றுதான் தாத்தா தொடங்குவார். எனக்கும் வாய் அப்படியே பழகிவிட்டது. உட்காருங்க. பெருங்காட்டு பஸ்ஸுக்குத்தானே நிற்கிறீங்க? எட்டரைக்கு முன்னால் வராது. டீ சொல்லட்டுமா?

மலை, இதோ நம் முன்னால் நிற்கிறதே, இதுதான். ஏழூர்மலை. ரெண்டு பேரில் ஒருவன் நான், பூவரசன். இன்னொருவன் சென்றாயன். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் ஒரே பெஞ்சு. அவன் வந்துவிட்டுப் போய்விட்டான். ஆறே காலுக்குக் கிளம்பினான். வலது கைப் பக்கம் கல்லுப்பாதை ஏறுகிறது பாருங்க, அதில். நான் இந்த இடது பக்கத்துப் பாதையில் போகணும். மலையை அவன் அந்தப் பக்கமாகச் சுற்றி வருவான், நான் இந்தப் பக்கமாகச் சுற்றிப் போகணும். நாளைக்குச் சாயங்காலம் பெருங்காட்டில் ரெண்டு பேரும் எதிரெதிரே வந்து சேரணும். நாளைக்கு நான் அங்கே இல்லையென்றால் அவன் இந்த ஜென்மத்தில் என்னிடம் பேசமாட்டான். இருபது நாளில் மஸ்கட் போகிறான். அதற்குப் பிறகு பேசுவதற்கு ஆளும் இருக்கமாட்டான்.

மணி என்ன? ஏழே முக்காலா? சரி. எட்டுக்குக் கிளம்பினால்தான் இருட்டுவதற்குள் தேன்பாறை போய்ச் சேரமுடியும். போகலாம். கால் மணி இருக்கிறது.

ஆளுக்கொரு பக்கம் எதற்கு என்றா கேட்கிறீங்க? அதைத்தானே சொல்ல வந்தேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் சத்தம் போட்டுப் பேசுகிற ஆள் இல்லைங்கண்ணா. எங்கள் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்க. யார்மேலும் கை ஓங்கியது கிடையாது, ‘டா’ போட்டுத் திட்டியது கிடையாது. ஒரு சர்வேயரிடம் உதவியாளாக இருக்கிறேன். அளப்பது, வரைவது. அதனால் எதையும் யோசித்து, எழுதி வைத்துத்தான் செய்வேன். சென்றாயன் அப்படி இல்லை. வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். கண்ணாடி போடாமலே பற்றவைப்பான். நடந்து போகிற வழியில் ஓணான் குறுக்கே ஓடினால் நின்று, அது எந்தப் பொந்துக்குள் போகிறது என்று பார்த்துவிட்டுத்தான் வருவான். ரெண்டு பேருக்கும் எப்படியடா ஒத்துப்போகிறது என்று கேட்பார்கள். நான் திட்டம் போடுவேன், அவன் வருவான். அப்படித்தான் ஒத்துப்போனது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே மலையைச் சுற்ற ஒருமுறை கிளம்பினோம். ஐப்பசி மாசம். முதல் நாள் ராத்திரி நாகலூத்தில் தங்கல். ரெண்டாம் நாள் பெருங்காடு. மூன்றாம் நாள் தேன்பாறை. நாலாம் நாள் மறுபடி இதே டீக்கடை. பெருங்காடு சரியாகப் பாதி வழி. ரெண்டாம் நாள் நடக்கும்போது அவனுக்குச் செருப்பு வார் அறுந்துவிட்டது. மெதுவாக வந்தான். ‘நீ போடா’ என்றான். நான் கொஞ்சம் முன்னால் போனேன். அவ்வளவுதான். பெருங்காடு வந்து சேர்ந்தவன், நடையை அங்கேயே விட்டுவிட்டு ஜீப் ஏறிப் போய்விட்டான். அதிலிருந்து மூன்று வருஷம் பேச்சு இல்லை. ஒருத்தன் கொஞ்சம் முன்னால் போனதற்கு மூன்று வருஷமா? நீங்களே சொல்லுங்க.

எவ்வளவு முன்னால் என்றா? ஒரு அரை மணி நேரம் இருக்கும்.

சரி. போன மாசம் சந்தையில் அவன் அக்காவைப் பார்த்தேன். மஸ்கட் வேலை கிடைத்துவிட்டது, பட்டறையை மூடப்போகிறான் என்று சொன்னார். அன்றைக்கே உட்கார்ந்து திட்டம் போட்டேன். எந்த நாள் எங்கே, எத்தனை மணிக்கு எந்த ஊற்று, எங்கே நிழல், எல்லாம். ஆறு பக்கம் வந்தது. போட்டோ எடுத்து அவனுக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டான் என்று போனில் தெரிந்தது. பதில் இல்லை. ரெண்டு நாள் அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் ஒரே வரி வந்தது. ‘வர்றேன். ஆனா மூட்டை நான் சொல்ற மாதிரி கட்டணும்.’

மூட்டை என்றால் உங்களுக்குப் புரியாது, நீங்கள் இந்தப் பக்கத்து ஆள் இல்லை. இந்த மலையில் ஒரு வழக்கம் உண்டு. ரெண்டு பேராகச் சுற்றப் போனால் மூட்டையைப் பிரித்துத்தான் கட்டுவார்கள். சட்டி, தீப்பெட்டி, தண்ணீர் ஒருவனிடம். அரிசி, பருப்பு, உப்பு, போர்வை இன்னொருவனிடம். சட்டிக்காரன் தனியாகப் போய்விட்டால் பொங்க அவனிடம் அரிசி இருக்காது. அரிசிக்காரன் தனியாகப் போய்விட்டால் வேகவைக்கச் சட்டி இருக்காது. வழியில் எவ்வளவு சண்டை போட்டாலும் சாயங்காலம் ஒரே அடுப்புக்கு வந்துதான் ஆகணும். எவ்வளவு அழகான ஏற்பாடு பாருங்க. போன முறை அப்படித்தான் கட்டினேன். சட்டி நான், அரிசி அவன். டார்ச்சும் என்னிடம்தான் இருந்தது. வழி எனக்குத்தானே தெரியும்?

இந்த முறை ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்குப் போனேன். மூன்று வருஷத்துக்கு அப்புறம் பார்க்கிறோம். வாடா என்றும் சொல்லவில்லை, போடா என்றும் சொல்லவில்லை. ஒரு இரும்பு ஸ்டூலை என் பக்கம் காலால் தள்ளினான். “நோட்டை எடு” என்றான்.

எடுத்தேன்.

“சட்டி ரெண்டு.”

“ரெண்டு எதுக்குடா? சேர்ந்துதானே சாப்பிடப்போறோம்?”

“சட்டி ரெண்டு. தீப்பெட்டி ரெண்டு. டார்ச் ரெண்டு. தண்ணி ஆளுக்கு மூணு லிட்டர். அரிசி ஆளுக்கு ரெண்டு கிலோ. போர்வை ஆளுக்கு ஒண்ணு. எழுது.”

“எடை என்ன ஆகும் தெரியுமா? ஆளுக்குப் பதினோரு கிலோ வந்துடும்டா.”

“தூக்க முடியலைன்னா சொல்லு, உன்னதையும் நானே தூக்கறேன். ஆனா கட்டறப்ப ரெண்டா கட்டு.”

நான் சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். “என்னடா, அண்ணன் தம்பி பாகம் பிரிக்கிற மாதிரி பேசறே?”

“பாகம் பிரிச்சவங்க இன்னைக்கும் பேசிக்கிட்டுத்தான் இருக்காங்க” என்றான். சொல்லிவிட்டுக் கம்பியை எடுத்துப் பற்றவைக்க ஆரம்பித்துவிட்டான். அந்த வெளிச்சத்தில் அவன் முகம் தெரியவில்லை.

அப்போதே எனக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் எழுதினேன். நான் சத்தம் போடுகிற ஆள் இல்லை.

அடுத்த ஞாயிறு போனால், பெருங்காட்டில் நாங்கள் தங்கப்போகிற வீட்டுக்கு என் எதிரிலேயே போன் போட்டான். கிளியக்கா என்று ஒருவர். மலை ஏறி வருகிறவர்களுக்குச் சோறு போட்டு, படுக்க இடம் கொடுப்பார். ஸ்பீக்கரில் போட்டுவிட்டான். ஊரே கேட்கிற மாதிரி.

“அக்கா, சென்றாயன் பேசறேன்.”

“எந்தச் சென்றாயன்?”

“மூணு வருஷம் முன்ன நனைஞ்ச அரிசியோட வந்தேனே.”

“அட சாமி, நீயா? காலு தேவலையா? சீழ் பிடிச்சு நீ மூணு வாரம் கட்டு போட்டிருந்தேன்னு ஜீப்காரர் சொன்னாரே.”

“தேவலைக்கா. அடுத்த மாசம் மொத சனிக்கிழமை சாயங்காலம் வர்றோம். ரெண்டு பேரு.”

“வாங்க, வாங்க.”

“ரெண்டு பேரு, அக்கா. மொதல்ல ஒருத்தன் மட்டும் வந்து நின்னான்னா, இன்னொருத்தன் எங்கன்னு கேட்டுட்டுத்தான் சோறு போடணும்.”

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரத்தைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, “நான் அன்னைக்கும் கேட்டேனே சாமி” என்றார் கிளியக்கா.

நான் அப்போது நோட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். கோடு கொஞ்சம் வளைந்துவிட்டது. கால் விஷயம் எனக்கு நிஜமாகவே தெரியாதுங்கண்ணா. செருப்பில்லாமல் நடந்தால் முள் குத்தத்தானே செய்யும்? சொல்லியிருந்தால் பார்க்கப் போயிருப்பேன்.

கிளியக்கா எதைக் கேட்டார் என்றா? அதை அப்புறம் சொல்கிறேன். டீ ஆறுது, குடிங்க.

மூன்றாம் ஞாயிறு ரெண்டு விசில் வாங்கி வைத்திருந்தான். பள்ளிக்கூடத்தில் டிரில் வாத்தியார் வைத்திருப்பாரே, அது. ஒன்றை என் கழுத்தில் அவனே மாட்டினான்.

“இதை ஊதினா நிக்கணும்.”

“நான் என்ன மாடாடா?”

“மாடு ஊதாமலே நிக்கும்.”

எனக்கு எவ்வளவு அவமானம் பாருங்க. இருபத்தாறு வயசில் கழுத்தில் விசில். அதையும் பொறுத்துக்கொண்டேன். ஏன் பொறுத்துக்கொண்டேன்? அவன் வரணும். அவன் கூட நடக்கணும். நாலு நாள் கூட நடந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். நடக்கும்போது கோபத்தைத் தூக்கிக்கொண்டே எவ்வளவு தூரம் போகமுடியும்?

நேற்று மத்தியானம் அவன் பையை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தான். பைக்கை விற்றுவிட்டான். விடிகாலை முதல் பஸ்ஸில் பெரிய பையோடு ஏறினால் கண்டக்டர் முணுமுணுப்பார். அதனால் ரெண்டு பையையும் நான் என் வண்டியில் கொண்டுவருகிறேன் என்று ஏற்பாடு. எங்கள் கூடத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு சாமானாகக் காட்டிக் காட்டி அவன் பையில் வைத்தான். சட்டி, தீப்பெட்டி, டார்ச். தீப்பெட்டியைப் பாலிதீன் கவரில் சுற்றி, அதற்கு மேல் இன்னொரு கவர் சுற்றினான். வார் எல்லாம் இழுத்துக் கட்டினான். போகும்போது எங்கள் அம்மாவிடம் மட்டும், “போயிட்டு வர்றேன்மா” என்றான்.

அவன் போன பிறகு அந்த ரெண்டு பையையும் பார்த்துக்கொண்டிருந்தேன். சுவரோரமாக, கல்யாண மண்டபத்தில் சண்டை போட்டுக்கொண்ட சம்பந்திகள் மாதிரி உட்கார்ந்திருந்தன. ரெண்டு சட்டி, ரெண்டு அடுப்பு, ரெண்டு விளக்கு. இது ரெண்டு பேர் சேர்ந்து போகிற நடையா? ஒருத்தன் தனியாகப் போகிற நடையை ரெண்டு தடவை கட்டி வைத்த மாதிரி இருந்தது. எனக்குத் தாங்கவில்லை. இவன் என்னை நம்பவில்லை. நம்பாதவனை நம்பவைக்க என்ன வழி? மலையின் வழக்கம்தான் வழி. பிரித்துக் கட்டினால்தான் ஒருத்தனுக்கு ஒருத்தன் வேணும் என்று ஆகும்.

அவன் பையை அவிழ்த்தேன். சட்டி, டார்ச், தீப்பெட்டி மூன்றையும் எடுத்துப் பரண்மேல் வைத்தேன். என்னுடைய அரிசியையும் பருப்பையும் அவன் பையில் போட்டேன். எடையைத் தராசில் வைத்தே பார்த்தேன். மொத்தத்தில் ரெண்டு கிலோ குறைந்தது. விசிலை மட்டும் அவன் பையிலேயே விட்டுவைத்தேன். பார்த்ததும் முதலில் கோபம் வரும், அப்புறம் சிரித்துவிடுவான் என்று நினைத்தேன். நல்ல எண்ணத்தில்தான் செய்தேன்.

என்ன? அப்படியென்றால் சட்டியையும் டார்ச்சையும் அவனிடம் கொடுத்துவிட்டு, அரிசியை நான் எடுத்துக்கொண்டிருக்கலாமே என்றா?

அது... அந்த யோசனை வரவில்லைங்கண்ணா. வழி தெரிந்தவன் கையில்தானே டார்ச் இருக்கணும்.

மணி எட்டா? ஒரு நிமிஷம். முடித்துவிடுகிறேன்.

இன்றைக்கு விடிந்தும் விடியாமலும் நான் வந்துவிட்டேன். அவன் ஐந்தே முக்கால் பஸ்ஸில் இறங்கினான். புதுச் செருப்பு, கணுக்கால் வரைக்கும் வார். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான். இந்தக் கடை அக்காவிடம், “என்னக்கா, கடைக்குப் பெயின்ட் அடிச்சிட்டீங்க, டீ மட்டும் அதே பழைய டீதானா?” என்று வம்பிழுத்தான். அவர் கரண்டியைக் காட்டினார். அவன் சிரித்தான். மூன்று வருஷம் கழித்து அந்தச் சிரிப்பைப் பார்த்தேன். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. சரியாகிவிடும், சரியாகிவிடும் என்று சொல்லிக்கொண்டேன்.

டீயை வைத்துவிட்டுப் பையைத் தூக்கினான். தூக்கியவன் அப்படியே நின்றான். ஒருமுறை குலுக்கினான். இரும்போடு பழகிய கை இல்லையா? சட்டி இடிக்கிற சத்தம் இல்லை. அரிசி மட்டும் சரசரவென்றது. பையை இதே பெஞ்சில், இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில் வைத்து அவிழ்த்தான். ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக வைத்தான். அரிசி. இன்னொரு அரிசி. பருப்பு. உப்பு. போர்வை. விசில். கடை அக்கா பால் ஆற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

“தீப்பெட்டி?” என்றான்.

“எங்கிட்ட இருக்குடா.”

“டார்ச்?”

“எங்கிட்ட.”

“சட்டி?”

“சென்றாயா, நம்பிக்கைன்னு ஒண்ணு...”

“சட்டி எங்கன்னு கேட்டேன்.”

“வீட்ல. பரண் மேல.”

கத்துவான் என்று பார்த்தேன். கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பெஞ்சில் உட்கார்ந்து, அரிசிப் பையின் முடிச்சை விரலால் தடவிக்கொண்டே இருந்தான்.

“பூவு” என்றான். பள்ளிக்கூடத்தில் அவன் மட்டும்தான் என்னை அப்படிக் கூப்பிடுவான். “நீ முன்னால போனதுக்கு நான் கோவிச்சுக்கிட்டேன்னா நினைச்சே?”

“பின்னே?”

“உனக்கு வேகமா நடக்கத்தான் தெரியும். அது எனக்கு ஆறாவதுலேயே தெரியும். அதுக்கு எவனாவது மூணு வருஷம் பேசாம இருப்பானா? அன்னைக்குக் கிளியக்கா உங்கிட்ட ஒண்ணு கேட்டுச்சு. நீ என்ன சொன்னே?”

அவனுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாதுங்கண்ணா. மூன்று வருஷமாகத் தெரிந்துகொண்டே இருந்திருக்கிறான்.

சரி, உங்களிடம் சொல்வதற்கு என்ன? நீங்கள் பஸ் ஏறிப் போய்விடுவீர்கள். அன்றைக்கு ஐந்து மணிக்குப் பெருங்காடு போய்ச் சேர்ந்தேன். மழை பிடித்துக்கொண்டது. கிளியக்கா வாசலில் நின்று, என் முதுகுக்குப் பின்னால் பாதையை எட்டிப் பார்த்தார். “எத்தனை பேரு சாமி?” என்றார். நான் “ஒருத்தன்தான்” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். ரெண்டு பேர் என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவர் வீட்டுக்காரரும் கொழுந்தனாரும் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு தேடக் கிளம்புவார்கள். எந்த இடத்தில் விட்டாய் என்பார்கள். இடத்தைக் காட்ட நானும் போகணும். காலெல்லாம் வீங்கிக் கிடந்தது. உடம்பெல்லாம் ஈரம். உள்ளே சோறு வடித்த வாசனை. பத்து நிமிஷத்தில் அவனே வந்துவிடுவான், வந்ததும் சிரித்துச் சமாளித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சாப்பிட்டேன். படுத்தேன். தூங்கவும் தூங்கிவிட்டேன். அவன் மறுநாள் காலை பத்து மணிக்கு வந்தான். மடியில் நனைந்த அரிசி. பச்சை அரிசியைத்தான் மென்றிருக்கிறான், வாயோரமெல்லாம் வெள்ளையாக இருந்தது. என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கிளியக்காவிடம்தான் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தான். என்ன பேசினார்கள் என்று இன்றைக்குத்தான் தெரிகிறது.

அரை மணி நேரம் என்று சொன்னேன் இல்லையா? நான் போய்ச் சேர்ந்ததிலிருந்து பார்த்தால் பதினேழு மணி நேரம் வருகிறது. சரிதான்.

இன்றைக்குக் காலையில் அதற்குப் பிறகு அவன் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கடை அக்காவிடம், “பழைய அலுமினியச் சட்டி ஏதாவது இருக்குமாக்கா? நாலு நாள்ல கொண்டாந்து தர்றேன்” என்றான். அவர் பால் சட்டி ஒன்றை விளக்கிக் கொடுத்தார். தீப்பெட்டி ரெண்டு, மெழுகுவத்தி ஒரு கட்டு வாங்கினான். என் அரிசியையும் பருப்பையும் எடுத்து என் பக்கம் நகர்த்திவைத்தான். அவனுடையதை மட்டும் கட்டினான். கையெல்லாம் நிதானமாக இருந்தது.

“சென்றாயா, வீட்டுக்குப் போறியா?” என்றேன்.

“வீட்டுக்கு எதுக்குப் போறேன்? மலை சுத்தத்தானே வந்தேன்? நான் இப்படிக் கல்லுப்பாதைல போறேன். நாகலூத்து, பெருங்காடு. நீ அப்படிப் போ. தேன்பாறை, பெருங்காடு. நாளைக்குச் சாயங்காலம் ரெண்டு பேரும் கிளியக்கா வீட்டு வாசலுக்கு வரணும். வந்தா, மிச்சம் ரெண்டு நாள் சேர்ந்து நடக்கறதா வேணாமான்னு அங்க உக்காந்து பேசுவோம்.”

“தனியாவா? நானா?”

“நான் நடந்தேனே.”

“என்னால முடியாமப் போச்சுன்னா? நான் வரலைன்னா என்ன பண்ணுவே?”

பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். என் முகத்தை நேராகப் பார்த்தான்.

“கிளியக்கா கேப்பாங்க இல்ல, எத்தனை பேருன்னு? ஒருத்தன்தான்னு சொல்லிக்கறேன்.”

சொல்லிவிட்டுப் போய்விட்டான். அந்த வளைவு வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருமுறைகூடத் திரும்பவில்லை. நடையில் வலது காலைக் கொஞ்சம் சாய்த்து வைக்கிறான், அதை இன்றைக்குத்தான் கவனித்தேன்.

எப்படிப் பேசினான் பார்த்தீங்களா? மூன்று வருஷம் மனசுக்குள் வைத்திருந்து, கடைசியில் அந்த ஒரு வார்த்தையைத் திருப்பிக் கொடுக்கிறான். நியாயமா இது? நான் ஆறு பக்கம் எழுதினேன். விசில் மாட்டிக்கொண்டேன். தராசில் வைத்து எடை பார்த்தேன். அவனுக்காகத்தானே இதெல்லாம் செய்தேன்?

கடை அக்கா கூப்பிடுகிறார். “தம்பி, போறதுன்னா போ, இல்லன்னா பெஞ்சை விடு. டீ குடிக்க ஆளுங்க நின்னுக்கிட்டிருக்காங்க.” இதோக்கா. எட்டேகால்தானே ஆகிறது.

அண்ணா, ஒன்று கேட்கட்டுமா? உங்கள் பஸ் பத்தரைக்கெல்லாம் பெருங்காடு போய்விடும் இல்லையா? நானும் அதில் ஏறிவிட்டால்? இன்றைக்கே போய் இறங்கி, நாளை சாயங்காலம் அவன் வரும்போது சுடச்சுடச் சோறு பொங்கி வைத்துக்கொண்டு வாசலில் நிற்கலாம். வந்து சேரணும் என்றுதானே சொன்னான்? நடந்து வரணும் என்று சொன்னானா?

சொல்லவில்லை. ஆனால் கிளியக்கா கேட்பார். இன்றைக்கே, நான் பஸ்ஸைவிட்டு இறங்குகிற இடத்திலேயே கேட்பார். இன்னொருத்தன் எங்கே என்று. நான் சொல்லணும். இந்த முறையும் என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியவில்லைங்கண்ணா. அதுதான் பயமாக இருக்கிறது. மலையைவிட அதுதான் பயமாக இருக்கிறது.

இல்லை, மலையும்தான். நான் தனியாக நடந்ததே இல்லை. அன்றைக்குப் பெருங்காடு வரைக்கும் தனியாக நடந்தேனே, அதுதான் ஒரே தடவை. அதிலும் பின்னால் அவன் வருகிறான், கூப்பிட்டால் கேட்கும் என்ற தைரியத்தில்தான் நடந்தேன். உங்களுக்கு ஒன்றும் அவசரம் இல்லையென்றால், அந்த மூங்கில் புதர் வரைக்கும் என்கூட வருகிறீங்களா? ஒரு கிலோமீட்டர்தான். சரி, வேண்டாம். பஸ்ஸை விட்டுவிடுவீர்கள். நான் கேட்டிருக்கக் கூடாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ‘நீ போடா’ என்று சொன்னான் என்றேனே. சொன்னான்தான். ஆனால் அதைச் சொன்னது காலை ஒன்பது மணிக்கு, ஊற்றில் முகம் கழுவும்போது. நான் தண்ணீரை வாரி அவன்மேல் அடித்தேன், அதற்குச் சொன்னான். நான் போனது மத்தியானம் ரெண்டு மணிக்கு. அவன் ஒரு பாறையில் உட்கார்ந்து, குனிந்து முள் எடுத்துக்கொண்டிருந்தான். ‘பூவு, அந்தத் தண்ணி பாட்டிலைக் கொடுடா’ என்று கையை நீட்டினான். தலை நிமிரவில்லை. நான் பாட்டிலைக் கொடுக்கவில்லை. பதிலும் சொல்லவில்லை. நேரமாகிறது என்று நடக்க ஆரம்பித்துவிட்டேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. இந்த விஷயம் அவனுக்குத் தெரியும். எனக்குத் தெரியும். இப்போது உங்களுக்குத் தெரியும்.

ஹாரன் கேட்கிறது. உங்கள் பஸ்தான். எட்டரைக்கு ரெண்டு நிமிஷம் இருக்கும்போதே வந்துவிட்டது. ஏறுங்கண்ணா. ஏன் உட்கார்ந்தே இருக்கிறீங்க? நான் கிளம்புகிறதைப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவீங்களா?

சரி. இந்தப் பையைக் கொஞ்சம் பின்னாலிருந்து தூக்கிவிடுங்க. ஆமாம், கனம்தான். எல்லாமே ஒரே முதுகில் இருக்கிறது இல்லையா? இருட்டுவதற்குள் தேன்பாறை போகமுடியாது. டார்ச் இருக்கிறது. போய்க்கொள்கிறேன். அக்கா, வர்றேன். நீங்களும் ஏறுங்கண்ணா, கண்டக்டர் கத்துகிறார் பாருங்க. அங்கேயே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருக்காதீங்க. யாராவது பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்தால் எனக்குத் திரும்பி வந்துவிடலாம் என்று தோன்றும்.